லண்டனுக்கு வரும் நண்பர்களை எந்த வழியாக நடத்திக் கூட்டிப்போவது?

ஊரிலிருந்து நண்பர்கள் லண்டனுக்கு வருகிறார்கள். பெரும்பாலும் ஐரோப்பியப் பயணத்தின் நடுவில், நமக்கென்று ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் ஒதுக்கியிருப்பார்கள். அந்த ஒரு நாளில் எந்த வழியாக நடப்பது என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கப்போகிறேன். லண்டனில் இதற்கு ஐந்து வழிகள் நன்றாகப் பொருந்தும்: வெஸ்ட்மின்ஸ்டர், தேம்ஸின் தென்கரை, பழைய சிட்டி பகுதி, ரீஜென்ட்ஸ் கால்வாய், கிரீனிச். முதல் முறை வருபவர்களுக்குத் தென்கரைதான் என்பது என் முடிவு. ஏன் என்று சொல்வதற்கு முன் நான் எதை வைத்து அளக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

பல வருடம் கழித்துப் பார்க்கும் நண்பர்கள் ஊரைப் பார்க்க மட்டும் வருவதில்லை, நம்மையும் பார்க்கத்தான் வருகிறார்கள். அதனால் மூன்று பேர் தோளோடு தோள் நின்று பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்பதே எனக்கு முதல் அளவுகோல். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காசு கொடுக்காமல் உட்கார இடமும் கழிப்பறையும் கிடைக்கிறதா என்பது இரண்டாவது. யாருக்காவது கால் வலித்தால் நடுவிலேயே டியூப் எனப்படும் சுரங்க ரயில் ஏறி வீட்டுக்குப் போய்விட முடிகிறதா என்பது மூன்றாவது. எத்தனை புகழ்பெற்ற கட்டடங்கள் கண்ணில் படுகின்றன என்பதற்கு நான்காவது இடம்தான் கொடுப்பேன்.

ஏறி இறங்கும் சுற்றுலாப் பேருந்து இருக்கும்போது நடப்பானேன் என்று சிலர் கேட்பார்கள். நடு லண்டனில் அந்தப் பேருந்து நெரிசலில் நிற்கும் நேரம்தான் அதிகம், மாடியில் காற்றும் ஒலிபெருக்கியும் பேச விடாது. டியூப் வரைபடமும் தூரத்தைப் பெரிதாக்கிக் காட்டும். லெஸ்டர் ஸ்குவேருக்கும் கோவென்ட் கார்டனுக்கும் இடையே உள்ள தூரம் 300 மீட்டர்கூட இல்லை. படி இறங்கி ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் நடந்தே போய்விடலாம். நடு லண்டன் நடப்பவர்களுக்குத் தோதான ஊர்.

வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து ஆரம்பிப்போம். நண்பர்கள் மனதில் இருக்கும் லண்டன் இதுதான். நாடாளுமன்றம், பிக் பென், வெஸ்ட்மின்ஸ்டர் அபே, செயின்ட் ஜேம்ஸ் பூங்கா, பக்கிங்ஹாம் அரண்மனை, ட்ரஃபால்கர் சதுக்கம் எல்லாமே சில கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் இந்த வட்டாரம் முழுக்கப் போக்குவரத்து விளக்குகளும் கூட்டமும்தான். இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் ஒரு சாலையைக் கடக்க வேண்டியிருக்கும். அபேக்குள் நால்வர் போனால் நூறு பவுண்டைத் தாண்டிவிடும். ஞாயிறு தவிர்த்த நாட்களில் அரை நாளாவது ஒதுக்கி நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் அது. அவசரமாகப் போய்வர அவ்வளவு பணம் கொடுக்க வேண்டாம். அரண்மனைக் காவலர் மாறும் சடங்கு வழக்கமாகத் திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறுகளில் காலை 11 மணிக்கு நடக்கும். வேலியோரம் இடம் பிடிக்க வெகு முன்னதாகவே போய் நிற்க வேண்டும். தாமதமாகப் போனால் முன்னால் நிற்பவர்களின் தலைகள்தான் தெரியும். நண்பர்களுக்கு அதன் மேல் உண்மையான ஆசை இருந்தால் மட்டும் போங்கள்.

இந்தப் பகுதியில் எனக்கு மிகவும் பிடித்தது நாடாளுமன்றச் சதுக்கத்தின் சிலைகள். காந்தி சிலை அங்கே 2015இல் வைக்கப்பட்டது. வட்டமேசை மாநாட்டுக்காக 1931இல் லண்டன் வந்தவர், பிரதமர் அலுவலகமான டவுனிங் தெரு 10ஆம் எண் வீட்டு வாசலில் சால்வை போர்த்தி நின்ற புகைப்படத்தை ஒட்டிச் செய்யப்பட்ட சிலை அது. அதே 1931இல், வைஸ்ராய் மாளிகைப் படிகளில் காந்தி அரை நிர்வாணமாக ஏறிப் போகிறார் என்று அருவருப்போடு பேசிய சர்ச்சிலும் அதே சதுக்கத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறார். மண்டேலா இருக்கிறார். பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய மில்லிசென்ட் ஃபாசெட் 2018இல்தான் வந்து சேர்ந்தார். அந்தச் சதுக்கத்தில் இடம் பெற்ற முதல் பெண் சிலை அவருடையது. நம் ஊர் நண்பர்கள் பிக் பென்னைவிட இங்கேதான் அதிக நேரம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கட்டணமும் இல்லை, வரிசையும் இல்லை.

அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் செயின்ட் ஜேம்ஸ் பூங்கா. ஏரிப் பாலத்தின் நடுவில் நின்றால் ஒரு பக்கம் அரண்மனை, மறு பக்கம் வைட்ஹால் கோபுரங்கள். 1664இல் ரஷ்யத் தூதர் பரிசாகக் கொடுத்ததிலிருந்து அந்த ஏரியில் கூழைக்கடாக்களை வளர்த்து வருகிறார்கள். அரண்மனையை அந்தப் பாலத்திலிருந்தே பார்த்துவிட்டால் வாசல் வரை போய்த் திரும்பும் நடை மிச்சம். வெஸ்ட்மின்ஸ்டருக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்தால் போதும். நாள் முழுக்க அங்கேயே சுற்றினால் நண்பர்களிடம் படங்கள் நிறைய இருக்கும், பேசியது ஒன்றும் இருக்காது.

அப்புறம் தென்கரை. வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்திலிருந்து டவர் பிரிட்ஜ் வரை ஆற்றங்கரையோரம் சுமார் 4 கிலோமீட்டர். நிற்காமல் நடந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நண்பர்களோடு ஐந்து மணி நேரம் ஆகும், ஆக வேண்டும். பெரும்பாலும் வண்டி வராத பாதை, அகலமானது, சமதளமானது. சக்கர நாற்காலி, குழந்தை வண்டி, முட்டி வலி உள்ள அம்மா என்று யாரையும் விட்டுவிட்டு வர வேண்டியதில்லை.

வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் ஒரு எச்சரிக்கை. மூன்று கோப்பைகளுக்கு அடியில் பந்தை ஒளித்துப் பணம் கட்டச் சொல்லும் கும்பல் அங்கே அடிக்கடி இருக்கும். சுற்றி நின்று ஜெயிப்பவர்களும் அவர்கள் ஆட்கள்தான். நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாலத்தைக் கடந்ததும் எல்லாரும் இடப்பக்கம் லண்டன் ஐ சக்கரத்தை நோக்கித் திரும்புவார்கள். நீங்கள் முதலில் வலப்பக்கம் இறங்குங்கள். செயின்ட் தாமஸ் மருத்துவமனையை ஒட்டிய அந்தப் பாதையிலிருந்துதான் நாடாளுமன்றக் கட்டடம் முழு நீளத்துக்கும் எதிர்க்கரையில் தெரியும், கூட்டமும் குறைவு. அங்குள்ள நீண்ட சுவர் முழுக்கச் சிவப்பு இதயங்கள் வரையப்பட்டிருக்கும். கோவிட்டில் இறந்தவர்களுக்காக, ஒருவருக்கு ஒரு இதயம் என்று 2021இல் தன்னார்வலர்கள் வரையத் தொடங்கியது. பல இதயங்களுக்குள் வீட்டார் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தச் சுவரைத் தாண்டும்போது பேச்சு தானாகவே நம் வீடுகளில் போனவர்களைப் பற்றித் திரும்பும். அதற்கும் நேரம் விடுங்கள்.

திரும்பிப் பாலத்துக்கு அடியில் நுழைந்து கிழக்கே நடந்தால் லண்டன் ஐ. 135 மீட்டர் உயரம், ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம். சீட்டு விலைக்கும் வரிசைக்கும் அது தகாது என்பது என் கருத்து, ஆனால் குழந்தைகள் கேட்டால் மறுக்காதீர்கள். அடுத்து வரும் ராயல் ஃபெஸ்டிவல் ஹால்தான் இந்த வழியின் மிகப் பயனுள்ள கட்டடம். 1951இல் நடந்த பிரிட்டன் திருவிழாவுக்காகக் கட்டியது. யாரும் உள்ளே போகலாம், சோபாவில் உட்காரலாம், எதுவும் வாங்கச் சொல்லி யாரும் கேட்கமாட்டார்கள், கழிப்பறை இலவசம். மழை வந்தால் இங்கே ஒதுங்குவதைவிட நல்ல இடம் இந்தக் கரையில் இல்லை. அதற்குப் பக்கத்து அரங்கின் அடித்தளத்தில் 1970களிலிருந்து பிள்ளைகள் ஸ்கேட்போர்டு ஓட்டுகிறார்கள். அவர்களை வேறு இடத்துக்கு மாற்றக் கொண்டுவந்த திட்டத்தை எதிர்த்துப் போராடி, 2014இல் அங்கேயே இருக்க உரிமை வாங்கிக்கொண்டார்கள்.

வாட்டர்லூ பாலத்துக்கு அடியில் பழைய புத்தகக் கடைகள். புத்தகம் பிடித்த நண்பர் என்றால் இங்கே ஒரு மணி நேரம் போய்விடும். படியேறிப் பாலத்தின் நடுவுக்கும் போய்வாருங்கள். ஆறு வளையும் இடத்தில் அந்தப் பாலம் இருப்பதால் மேற்கே நாடாளுமன்றமும் கிழக்கே செயின்ட் பால்ஸ் குவிமாடமும் ஒரே இடத்திலிருந்து தெரியும். இரண்டாம் உலகப் போரின் நடுவில், ஆண்கள் போர்முனைக்குப் போன காலத்தில், பெண்கள் பெருமளவில் உழைத்து எழுப்பிய பாலம் இது. வடிவமைத்தவர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட். காலையில் நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் நண்பர்கள் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்ட சிவப்புத் தொலைபேசிக் கூண்டும் அவருடைய வடிவம்தான். இன்னும் கொஞ்சம் நடந்தால் வரும் டேட் மாடர்ன் கலைக்கூடமும் அவர் மின் நிலையமாகக் கட்டியது. 2000இல் கலைக்கூடமாகத் திறந்தார்கள். இந்த மூன்றையும் ஒரே நாளில், ஒரே நடையில் பார்க்க முடிகிறது என்பதைச் சொல்லிப் பாருங்கள், நண்பர்கள் அடுத்த கட்டடத்தையும் யார் கட்டியது என்று கேட்கத் தொடங்குவார்கள்.

நடுவில் ஆற்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். கடல் ஏற்ற இறக்கம் இங்கே வரை வருவதால் தண்ணீர் ஒரே நாளில் ஏறத்தாழ 7 மீட்டர் வரை ஏறி இறங்கும். காலையில் சுவரை முட்டிக்கொண்டிருந்த ஆறு மதியம் மணல் தெரிய இறங்கியிருக்கும். அந்த மணலில் பழம்பொருள் தேடுவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும், அதனால் பிள்ளைகளைத் தோண்ட விடாதீர்கள்.

டேட் மாடர்னுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஓவியத்தில் ஆர்வம் இல்லாதவர்கள்கூட டர்பைன் கூடத்தின் அளவைப் பார்த்து நின்றுவிடுவார்கள். வாசலுக்கு நேரே மில்லேனியம் பாலம். 2000 ஜூனில் திறந்து இரண்டே நாளில் மூடிவிட்டார்கள். லேசாக ஆடிய பாலத்தில் மக்கள் தடுமாறாமலிருக்கத் தங்களை அறியாமலே ஒரே தாளத்தில் காலை வைக்க, அது ஆட்டத்தை இன்னும் பெரிதாக்கியது. அதிர்வைத் தாங்கும் கருவிகளைப் பொருத்தி 2002இல் மறுபடி திறந்தார்கள். பக்கத்திலேயே ஷேக்ஸ்பியரின் குளோப். பழைய அரங்கு 1613இல் எரிந்து போனது. இப்போது இருப்பது 1997இல் திறந்தது, கூரை வேய்ந்த வட்ட அரங்கு. கோடையில் நாடகம் பார்க்க நண்பர்களுக்கு ஆசை இருந்தால், முற்றத்தில் நின்று பார்க்கும் சீட்டு மலிவாகக் கிடைக்கும்.

சாப்பாட்டுக்கு பரோ மார்க்கெட். சைவம் சாப்பிடுபவர்களுக்கும் அங்கே குறை இல்லை. ஆனால் சனிக்கிழமை மதியம் கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு நகரவே முடியாது, திங்கள்கிழமை மூடியிருக்கும். வாங்கிக்கொண்டு பக்கத்து சதர்க் கதீட்ரலின் முற்றத்துக்குப் போய் உட்கார்வது நல்லது. அங்கிருந்து லண்டன் பிரிட்ஜ். இதுவா அந்தப் பாலம் என்று நண்பர்கள் ஏமாறுவார்கள், ஏனென்றால் அவர்கள் நினைத்திருப்பது டவர் பிரிட்ஜை. இப்போதுள்ள லண்டன் பிரிட்ஜ் 1973இல் திறந்த சாதாரணக் கான்கிரீட் பாலம். அதற்கு முந்தையதை விற்றுவிட்டார்கள், அதன் கற்கள் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் ஒரு ஏரியின் மேல் நிற்கின்றன. 1894இல் திறந்த டவர் பிரிட்ஜ் அடுத்த வளைவில் வரும். கப்பலுக்காக அது தூக்கப்படும் நேரங்களை முன்கூட்டியே அதன் இணையதளத்தில் போடுகிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 800 முறை தூக்குவதால், அன்றைய நேரத்துக்கு நடையைச் சற்று முன்பின் மாற்றிக்கொள்வது கடினமில்லை.

இந்த வழியை மேற்கிலிருந்து கிழக்காக நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. மதியத்துக்குப் பின் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். செயின்ட் பால்ஸும் டவர் பிரிட்ஜும் வெளிச்சத்தில் நிற்கும், கண்ணும் கூசாது. வழியில் வாட்டர்லூ, பிளாக்ஃபிரையர்ஸ், லண்டன் பிரிட்ஜ் என்று எங்கே வேண்டுமானாலும் நடையை முடித்துக்கொள்ளலாம். முடிவு வரை வந்துவிட்டால் பாலத்தைக் கடந்து டவர் ஹில்லில் டிஸ்ட்ரிக்ட் லைன் ஏறுங்கள், மாறாமல் நேராக ஈஸ்ட் ஹாம் போய் இறங்கலாம். நாலைந்து நாளாக ரொட்டியும் சீஸும் சாப்பிட்டு வந்தவர்களுக்கு அங்கே கிடைக்கும் இட்லி, தோசை, கொத்து ரொட்டியெல்லாம் அன்றைய நடையின் பகுதிதான்.

சிட்டி பகுதியை ஏற்கெனவே லண்டன் பார்த்தவர்களுக்கு வைத்துக்கொள்வேன். 1666 செப்டம்பரில் புட்டிங் சந்தில் ஒரு ரொட்டிக்கடையில் பற்றிய தீ நான்கு நாளில் நகரத்தின் பெரும்பகுதியை எரித்தது. அதன் நினைவுத் தூண் சுமார் 62 மீட்டர் உயரம். அந்தக் கடை இருந்த இடத்துக்கும் தூணுக்கும் உள்ள தூரமும் அதே அளவுதான். உள்ளே 311 படி. குண்டு விழுந்து இடிந்த செயின்ட் டன்ஸ்டன் தேவாலயத்தின் சுவர்களுக்குள் இப்போது தோட்டம் வளர்கிறது. பிறரைக் காப்பாற்றப் போய் உயிரிழந்த சாதாரண மனிதர்களின் பெயர்கள் போஸ்ட்மேன்ஸ் பூங்காவில் ஓடுகளில் பதிக்கப்பட்டிருக்கின்றன. ரோமானியர் கட்டிய மதில் துண்டு துண்டாக அலுவலகங்களுக்கு நடுவே நிற்கிறது. எல்லாமே கதை தெரிந்தால்தான் பேசும் இடங்கள். கதை சொல்ல வராது என்று தோன்றினால் அடையாள அட்டை உள்ள சிட்டி வழிகாட்டி ஒருவரின் நடையில் பணம் கட்டிச் சேர்ந்துகொள்ளுங்கள், இங்கே அந்தச் செலவு தகும். வேலை நாளில் கூட்டம் தள்ளும். ஞாயிறன்று தெருக்கள் அமைதியாக இருக்கும், ஆனால் பல கடைகள் பூட்டியிருக்கும். நடக்க ஞாயிறுதான் நல்லது, சாப்பாட்டை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கால்வாய் வழி அழகில் எதற்கும் குறைந்ததில்லை. லிட்டில் வெனிஸில் தொடங்கி, வண்ணப் படகு வீடுகளையும் விலங்குக் காட்சிச் சாலையின் ஓரத்தையும் தாண்டி கேம்டன் வரை சுமார் 4 கிலோமீட்டர், அங்கிருந்து கிங்ஸ் கிராஸுக்கு இன்னும் ஒரு 2 கிலோமீட்டர். ரீஜென்ட்ஸ் பூங்காவின் ஓரத்தில் ஒரு பாலத்தின் இரும்புத் தூண்களைத் தடவிப் பாருங்கள். குதிரைகள் படகிழுத்த காலத்தில் கயிறு உரசிய தடங்கள் தூணின் இரு பக்கமும் இருக்கும். 1874இல் வெடிமருந்து ஏற்றிவந்த படகு அதன் அடியில் வெடித்தது. பாலத்தை மறுபடி கட்டும்போது பழைய தூண்களைத் திருப்பி நட்டுவிட்டதால் மறு பக்கத்திலும் கயிறு தடம் விழுந்தது. இவ்வளவு இருந்தும் நான் இதை முதலில் வைக்காததற்குக் காரணம் பாதையின் அகலம். பல இடங்களில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும், மிதிவண்டிகள் மணியடித்துக்கொண்டே வரும். வார இறுதியில் பேச்சு நடக்காது. வேலை நாள் காலையில், ஒரே ஒரு நண்பரோடு போக ஏற்ற வழி.

கிரீனிச்சைக் குழந்தைகளோடு வருபவர்களுக்குச் சொல்வேன். டிஎல்ஆர் ரயிலில் ஐலண்ட் கார்டன்ஸ் போய் இறங்குங்கள். அங்கிருந்து ஆற்றுக்கு அப்பால் தெரியும் கிரீனிச்சின் காட்சி லண்டனிலேயே மிக அழகான ஒன்று. பிறகு ஆற்றுக்கு அடியில் நடந்தே போகலாம். 1902இல் திறந்த, 370 மீட்டர் நீளமான சுரங்கம், கட்டணம் இல்லை. லிஃப்ட் ஓடுகிறதா என்று அன்று காலையே பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் படி அதிகம். வெளியே வந்தால் 1869இல் மிதக்கவிட்ட கட்டி சார்க் தேயிலைக் கப்பல். குன்றின் மேல் வானியல் கூடத்தில் உலகின் பூஜ்ஜியத் தீர்க்கரேகை. கோட்டின் மேல் நின்று கைப்பேசியைப் பார்த்தால் பூஜ்ஜியம் காட்டாது. செயற்கைக்கோள்கள் பின்பற்றும் கோடு சுமார் 100 மீட்டர் கிழக்கே இருக்கிறது. பிள்ளைகளைப் பூங்காவுக்குள் அந்த இடத்தைத் தேட விடுங்கள். பகல் 1 மணிக்குக் கூரைமேல் சிவப்புப் பந்து விழும். ஆற்றில் நின்ற கப்பல்கள் கடிகாரம் சரிபார்க்க 1833இல் தொடங்கிய ஏற்பாடு. குன்று செங்குத்து என்பதால் வயதானவர்கள் கீழேயே இருந்துகொள்ளலாம், கடல்சார் அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை. திரும்பும்போது ரயில் வேண்டாம், படகில் வாருங்கள்.

ஆக, முதல் முறை வருபவர்களுக்கு ஒரு நாள்தான் என்றால், காலை ஒன்பதரைக்குச் சிலைகளும் பூங்காவும், பதினொன்றுக்குப் பாலம் கடந்து தென்கரை. டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் என்பதால் பூங்காவை விட்டுவிட்டு நேராகப் பாலத்திலிருந்தே தொடங்குங்கள். ஜூனில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அவசரமே வேண்டாம். இரண்டு நாள் இருந்தால் இரண்டாம் நாள் கிரீனிச். வந்து சேரும் முதல் நாள் திங்களாக இருந்தால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: அன்று பரோ மார்க்கெட் இருக்காது, கிரீனிச்சை முதலில் முடித்துவிட்டுத் தென்கரையைச் செவ்வாய்க்கு வைத்துக்கொள்ளலாம்.